ரத்தம் கசியும் ஈறும் ஏறி நிற்கும் சர்க்கரையும்

எந்த நாட்டில் பல் மருத்துவம் படித்தாலும், ஈறு நோய் பற்றிய பாடத்தில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் வராமல் இருக்காது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1970இல் அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துவைத்தார்கள். அவர்கள் தமிழர்கள், தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பிரஷ், பேஸ்ட் பழக்கம் இல்லை. பல் மருத்துவ வசதியும் அவர்களை எட்டவில்லை. யாருமே கை வைக்காத வாயில் ஈறு நோய் எப்படித் தொடங்கி, என்ன வேகத்தில் வளர்ந்து, எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதே ஆய்வின் நோக்கம். சிறுவயது முதலே பல் பராமரிப்புப் பெற்று வளர்ந்த ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்களை 1985 வரை, 15 ஆண்டுகள், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் இந்தக் காலகட்டத்தில்தான். குடியுரிமைக்கே வழியில்லாமல் இருந்த ஒரு மக்களின் வாயிலிருந்துதான் உலகப் பல் மருத்துவம் தன் அடிப்படைப் பாடங்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டது. இதைச் சொல்லாமல் அந்த ஆய்வின் முடிவுகளை மட்டும் எடுத்துப் பேசுவது நியாயமில்லை.

முடிவுகள் 1986இல் வெளிவந்தன. எல்லோருடைய பல்லிலும் அழுக்குப் படலமும் காரையும் ஏராளமாக இருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வெகுவேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக முற்றியது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. வேகமாக முற்றியவர்களுக்கு 45 வயதுக்குள் பல்லின் வேரோடு ஈறும் எலும்பும் கொண்டிருந்த பிடிப்பு சராசரியாக 13 மில்லிமீட்டர் அளவுக்கு விட்டுப்போயிருந்தது. ஒரு பல்வேரின் மொத்த நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர்களிடம் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பூச்சி அரிக்காத, வெளிப்பார்வைக்குத் திடமான முழுப் பற்கள்தான் ஆடி ஆடி விழுந்தன. 2010இல் இன்னொரு குழு போய்த் தேடியபோது அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. 40 ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தார்கள். ஒரு பல்லும் போகாதவர் இருந்தார். 28 பல்லும் போனவரும் இருந்தார்.

பல் விழுவது முதுமையின் இயல்பு என்று நாம் வழிவழியாக நம்பி வருகிறோம். அந்த நம்பிக்கையைத் தோட்டத்து ஆய்வு இரண்டு பக்கமும் உடைக்கிறது. முதுமைதான் காரணம் என்றால் நாற்பது வயதில் பல் போகக் கூடாது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது ஒரு நோய். அந்த நோய் வாய்க்குள் மட்டும் இருந்துவிட்டுப் போகிற நோய் அல்ல என்பதற்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை, இப்போது போதுமான சான்று சேர்ந்திருக்கிறது. பல் மருத்துவரிடம் தள்ளிவிட்டுப் பொது மருத்துவம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற நிலை இனியும் தொடரக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஈறு நோயின் பெயரால் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிலவற்றுக்குச் சான்று வலுவாக இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. அந்த வேறுபாட்டைப் பார்க்க முதலில் ஈறுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே, 1965இல், இதே லோ டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஒரு சோதனை செய்தார். நல்ல ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திக்கொண்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாட்களில் சரியாகிவிட்டது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் கூட்டமாக ஒட்டி உண்டாக்கும் மெல்லிய படலம்தான் காரணம் என்பது இதனால் உறுதியானது. அந்தப் படலத்தை அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து காரையாக இறுகும். இறுகிய பிறகு எந்த பிரஷ்ஷாலும் அது வராது. அதன் சொரசொரப்பில் புதிய படலம் இன்னும் எளிதாக ஒட்டும். கிருமிகளை எதிர்க்க உடல் ஈறுக்கு ரத்தத்தையும் வெள்ளை அணுக்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பல் தேய்க்கும்போது கசிவது அந்த ரத்தம்தான். இதுவரைக்கும் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். சண்டை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும்போதுதான் சிலரிடம் விஷயம் கை மீறுகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி நடுவில் ஒரு பை உண்டாகிறது. பைக்குள் காற்று குறைவு. காற்று வேண்டாத கிருமிகளுக்கு அது வசதி. எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, கிருமியை விரட்டப் புறப்பட்ட நம் உடலின் எதிர்ப்பு வேலையே. மண் அரித்துப்போன ஆற்றங்கரையில் நிற்கும் தென்னையைப் போல, பல் மேலே முழுசாகத் தெரியும். கீழே பிடிமானம் போயிருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

இவ்வளவும் நடக்கையில் வலி இருக்காது. நோயாளிகளுக்கு இதுதான் பெரிய பாதகம். சொத்தை பல்லின் நடுவே உள்ள நரம்பைத் தொடும்போது ராத்திரியில் தூங்க முடியாத வலி வரும். ஆளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஈறு நோய் நரம்பின் பக்கம் போகாமல் பல்லின் வெளிப்புறத்தில் வேலை செய்கிறது. துலக்கும்போது ரத்தம், காலையில் வாய் நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தெரிவது, முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி, கடிக்கும்போது ஒரு பல் லேசாக அசைவது: அடையாளங்கள் இவ்வளவுதான். புகைபிடிப்பவர்களுக்கு முதல் அடையாளமும் மறைந்துவிடும். நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் உள்ளே நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசிவதில்லை. ஈறு வெளுத்து, இறுகி, நன்றாக இருப்பதுபோலவே தெரியும். உலகில் 15 வயதைக் கடந்தவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு, அதாவது 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. அவர்களில் கணிசமானோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்காது.

வாய்க்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய கருத்தல்ல. அந்தக் கருத்துக்கு ஒரு கெட்ட வரலாறும் இருக்கிறது. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பேசும்போது, வாயிலுள்ள சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அந்தப் பேச்சு மூட்டிய தீ இருபது முப்பது ஆண்டுகள் அணையவில்லை. மூட்டுவலிக்கு, களைப்புக்கு, காரணம் புரியாத காய்ச்சலுக்கெல்லாம் பற்களைப் பிடுங்கினார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், மனநோய்க்கே பல்தான் காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களை வரிசையாக எடுத்தார். அதோடு நிற்காமல் குடலையும் வெட்டி எடுத்தார். பலர் செத்துப்போனார்கள். பிறகு முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தபோது அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. அதன் எதிர்விளைவாக மருத்துவ உலகம் மறுகோடிக்குப் போய்விட்டது. ஏற்கெனவே 1840இல் பால்டிமோரில் முதல் பல் மருத்துவக் கல்லூரி தனியாகத் தொடங்கியதிலிருந்தே பல் வேறு, உடல் வேறு என்று படிப்பு பிரிந்திருந்தது. காட்டன் போன்றவர்கள் கொடுத்த அதிர்ச்சி அந்தப் பிரிவை இன்னும் இறுக்கியது. இன்றும் சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்கிறாரே தவிர ஈறைப் பார்ப்பது அரிது. பல்லைப் பார்ப்பவர் மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதும் அரிது.

முதலில் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சான்று மிகுதியாக இருப்பது அங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது என்பதில் இப்போது யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, புண் ஆறத் தாமதமாகிறது, அழற்சி தேவைக்கு மேல் கொழுந்துவிடுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு என்று சர்க்கரையால் வரும் பாதிப்புகளின் பட்டியலில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று 1993இல் எழுதியவரும் அதே ஹரால்ட் லோதான். ஆனால் பாதை இரண்டு பக்கமும் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முற்றிய ஈறு நோயில் பைகளின் உட்புறம் முழுக்கப் புண்ணாக இருக்கிறது. அந்தப் புண் உள்ளங்கையளவு பெரியது என்று சொல்வதுண்டு. அளந்து பார்த்த ஆய்வு சொல்வது 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர். அதுவும் சிறிதல்ல. காலில் அவ்வளவு பெரிய ஆறாத புண்ணோடு ஒரு சர்க்கரை நோயாளி வந்தால் எந்த மருத்துவரும் அவரைச் சும்மா அனுப்பமாட்டார். அந்தப் புண்ணிலிருந்து அழற்சியை உண்டாக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சர்க்கரை ஏறுகிறது; ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடையே சர்க்கரை நோய் மிக அதிகம். அவர்களில் 628 பேரைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. வயது, புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் இதய, சிறுநீரகக் கோளாறுகளால் இறப்பது மற்றவர்களைவிட 3.2 மடங்கு அதிகமாக இருந்தது. இங்கே வாசகர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம்: பல்லைக் கவனிக்காதவர் உடம்பையும் கவனித்திருக்கமாட்டாரே, அதுதானே காரணமாக இருக்கும்? சரியான சந்தேகம். சேர்ந்து இருப்பது காரணமாக இருப்பதற்குச் சான்றாகாது. அதைத் தீர்க்க ஒரே வழி, ஈறு நோய் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது. அப்படிச் செய்த 35 ஆய்வுகளை, 3,249 பேரை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்த தொகுப்பு, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிலிருந்து 2022இல் வந்தது. ஈறு சிகிச்சை பெற்றவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, மூன்று நான்கு மாதத்தில் 0.43 புள்ளியும் ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைந்தது. லண்டனில் 264 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு ஓராண்டின் முடிவில் 0.6 புள்ளி குறைவாக இருந்தது.

எதிர்ச் சான்றும் உண்டு. அதை மறைத்தால் வாதத்துக்கு மதிப்பில்லை. அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில் ஈறு சிகிச்சையால் சர்க்கரை துளியும் குறையவில்லை. ஈறு சிகிச்சை வீண் என்று சொல்பவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வின் விவரங்களைப் படித்தால், சிகிச்சைக்குப் பிறகும் பங்கேற்றவர்களின் பற்களில் படலமும் ஈறுகளில் ரத்தக் கசிவும் பெருமளவு நீடித்தது தெரிகிறது. வாயே குணமாகாதபோது வாய் குணமானதால் வரும் பலனை எங்கே தேடுவது? சிகிச்சை ஒழுங்காக ஈறை ஆற்றிய இடங்களில் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்பதே மொத்தச் சான்றுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுகிறது. 0.3, 0.4 என்பது சிறிய எண்தான். மாத்திரையையோ இன்சுலினையோ அது நிறுத்திவிடாது. அப்படிச் சொல்லி யாராவது சிகிச்சைக்கு அழைத்தால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் உணவு, நடை, மருந்து ஆகியவற்றோடு சேரும்போது அந்தச் சிறிய இறக்கத்துக்கும் விலை உண்டு. அதைத் தரும் சிகிச்சை, எப்படியும் பல்லைக் காப்பாற்றச் செய்ய வேண்டிய சிகிச்சையே.

இதயத்தின் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்ததாக 1989இல் பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது; அதிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் குவிந்தன. 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் அவற்றையெல்லாம் பரிசீலித்து, தொடர்பு உண்மை, புகைபோன்ற பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் எஞ்சுகிறது என்றது. ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்றோ, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு தடுக்கப்படும் என்றோ சொல்லச் சான்றில்லை என்றது. 120 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, தீவிர ஈறு சிகிச்சைக்கு ஆறு மாதம் கழித்து ரத்தக் குழாய்கள் விரியும் திறன் மேம்பட்டதைக் காட்டியது. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனாலும் ரத்தக் குழாய் நன்றாக விரிவதும் மாரடைப்பு வராமல் இருப்பதும் ஒன்றல்ல. வாயிலிருந்து இதயத்துக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் ஒரு நேரடி வழி உண்டு: செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்பே இதய உட்சுவரில் தொற்று வந்தவர்களுக்கும் வாய்க் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் குடியேறலாம். அவர்கள் பல் சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். ஈறைச் சுத்தமாக வைத்திருப்பது அவர்களுக்கு மற்ற யாரையும்விட அவசியம்.

கர்ப்பத்திலும் மறதி நோயிலும் கதை இன்னும் தெளிவாக ஏமாற்றத்தில் முடிந்தது. ஈறு நோய் உள்ள தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவ அபாயம் பல மடங்கு என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு 823 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில் ஈறு சிகிச்சையால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. 2009இல் வந்த 1,800 பேர் ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் அதே 2006 ஆய்வு நம் வீடுகளுக்குப் பயன்படும் வேறொன்றை நிரூபித்தது: கர்ப்ப காலத்தில் ஈறைச் சுத்தம் செய்வது தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கில்லாதது. மாசமாக இருக்கும் பெண் பல் டாக்டரிடம் போகவே கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதற்கு அதனால் ஆதாரம் இல்லாமல் போகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஈறு நோய்க் கிருமியின் தடயம் இருப்பதாக 2019இல் வந்த செய்தி பரபரப்பானது. அந்தக் கிருமியின் நொதியை முடக்கும் மருந்தை 600க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2021இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பல் சுத்தம் செய்தால் மறதி வராது என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை. மிகைப்படுத்துவது ஈறு நோய்க்கு நன்மை செய்வதில்லை. ஹன்டர், காட்டன் காலத்து மிகைதான் உண்மையான தொடர்பையும் சேர்த்து அரை நூற்றாண்டு புதைத்துவைத்தது.

சிகிச்சைக்கு வருவோம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் நுழைத்து ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பையின் ஆழத்தை அளப்பது முதல் வேலை. மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு; நான்கு, ஐந்து என்றால் கவனிக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் முற்றியது. இந்த அளவை எடுக்காமல், எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்க்காமல், மேலாக மட்டும் சுத்தம் செய்து அனுப்புவது ஈறு நோய் சிகிச்சை ஆகாது; நோயாளி அந்த அளவைத் தாராளமாகக் கேட்டு வாங்கலாம். அதன் பிறகு அதிர்வுக் கருவியாலும் கைக்கருவியாலும் ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை எடுத்து, வேரை வழவழப்பாக்குவார்கள். ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலான பைகள் சுருங்கியிருக்கும். சுருங்காமல் ஆழமாகவே நிற்பவற்றுக்கு ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சில வகைக் குழிகளில் எலும்பு கொஞ்சம் வளர உதவும் முறைகளும் இருக்கின்றன. எல்லாருக்கும் அவை பொருந்தாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு இருப்பது பலிக்காது. காரைக்குள்ளும் படலத்துக்குள்ளும் இருக்கும் கிருமியை மருந்து போதிய அளவில் எட்டுவதில்லை. உப்புத் தண்ணீரும் கிராம்பு எண்ணெயும் வாய் கொப்பளிக்கும் திரவங்களும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். பைக்குள் அவை இறங்கா.

பல்லைக் கிளீன் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும், இடைவெளி விழும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பயப்படுபவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆகவே அதைப் பழமை என்று ஒதுக்காமல் பதில் சொல்ல வேண்டும். ஈறும் எலும்பும் விலகிய இடத்தைப் பல ஆண்டுகளாகக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பற்களை ஒன்றோடொன்று பிடித்தும் வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, ஏற்கெனவே இருந்த ஆட்டம் உணரப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் வேர் வெளிப்பட்டுச் சில வாரம் குளிர்ச்சி பட்டால் கூசும். எலும்பு போனது நோயால். சுத்தம் செய்தது அதைத் திரை விலக்கிக் காட்டியது, அவ்வளவுதான். சர்க்கரை இருப்பவர் பல்லில் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு தடை. சர்க்கரை மிக ஏறியிருக்கும்போது பல் பிடுங்குவதையும் அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போடுவார்கள், அது சரி. சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டால் அழற்சி நீடித்து, சர்க்கரையை இறக்குவதே கடினமாகும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் எடுப்பவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஈறைக் காட்டி மாற்று கேட்க வேண்டும்.

எங்கள் தாத்தா ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் தேய்த்தே எண்பது வயது வரை முறுக்கு கடித்தார் என்பவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆய்விலேயே எதுவும் செய்யாமலே 11 சதவீதம் பேர் தப்பினார்களே. பிறவிக்கூறு அவர்களுக்குத் துணை நின்றிருக்கலாம். எந்தக் குடும்பத்தில் யார் அந்த 11இல் வருவார், யார் வேகமாகப் பல் இழக்கும் 8இல் வருவார் என்று இளம் வயதிலேயே சொல்லிவிடும் சோதனை நம் கையில் இல்லை. எண்பது வயதுத் தாத்தாவை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஐம்பதில் பொக்கைவாயான மற்றவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. குச்சியை நன்றாக மென்று தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும் என்பதில் சந்தேகமில்லை. நோய் தொடங்குவதோ பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு நடுவில். அங்கே குச்சியும் போகாது, சாதா பிரஷ்ஷும் போகாது; இடைவெளி உள்ளவர்கள் பல்லிடுக்கு பிரஷ்ஷும், நெருக்கமான பல் உள்ளவர்கள் பல்லிடுக்கு நூலும் ராத்திரி ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டியிருக்கிறது. செங்கல் பொடியும் சாம்பலும் ஈறைச் சிராய்க்கும். புகையிலையும், புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கும் ஈறையும் எலும்பையும் கெடுப்பதோடு நிற்காமல் புற்றுநோய்க்கும் வழி செய்கின்றன. புகையை விட்டவர்களுக்கு ஈறு சிகிச்சை கூடுதலாகப் பலிக்கிறது.

இவ்வளவு மெனக்கெட்டால் பலன் நிற்குமா என்பதற்கு ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரம் பதில் வைத்திருக்கிறது. பெர் ஆக்செல்சனும் யான் லிண்டேயும் 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கு வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது என்று கற்றுக்கொடுத்து, ஆரம்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு அவரவர் தேவைக்கேற்பவும் கூப்பிட்டுச் சுத்தம் செய்தார்கள். 30 ஆண்டு கழித்து அந்தத் திட்டத்தில் தொடர்ந்து இருந்தவர்களில் ஒருவர் சராசரியாக இழந்த பற்கள் வயதுக்கேற்ப 0.4 முதல் 1.8 வரை. மலையகத்தில் 40 ஆண்டில் 13. இரண்டு ஊர்களும் உணவிலும் வருமானத்திலும் வேறு வேறு, ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது கறாரான ஒப்பீடு ஆகாது. ஆனாலும் கவனிப்பே கிட்டாத வாய்க்கும் விடாமல் கவனிக்கப்பட்ட வாய்க்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு என்று அவை சொல்கின்றன. கார்ல்ஸ்டாட்டில் அதற்கு அதிசய மருந்து எதுவும் தேவைப்படவில்லை; பயிற்சி பெற்ற ஆளும் திரும்ப அழைக்கும் ஒழுங்கும்தான் தேவைப்பட்டன.

நம் ஊரில் இல்லாதது அந்த ஒழுங்கு. பல் சிகிச்சையை, விபத்தில் உடைந்தால் ஒழிய, பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. சர்க்கரையால் கெட்ட சிறுநீரகத்துக்குப் பணம் தரும் காப்பீடு, அதே சர்க்கரையால் கெட்ட ஈறுக்குத் தருவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே சர்க்கரைப் பிரிவும் பல் பிரிவும் வேறு வேறு கட்டடத்தில், வேறு வேறு சீட்டில் நடக்கின்றன. ஊருக்கு ஊர் பல் மருத்துவமனை திறக்க எங்கே பணம் என்று அரசு கேட்கலாம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். வீட்டுவாசலில் உட்கார்ந்திருக்கும் அதே சர்க்கரை நோயாளியிடம், பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா, பல் ஏதாவது ஆடுகிறதா, வாயில் சீழ் வருகிறதா என்று அவர்கள் கேட்கலாம். ஆமாம் என்றால் அருகிலுள்ள அரசுப் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதலாம். கேட்க இயந்திரமும் வேண்டாம், பெரிய பயிற்சியும் வேண்டாம். போகிற இடத்தில் பையை அளக்கும் கம்பியும், காரையை எடுக்கும் கருவியும், மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லும் பதிவேடும் இருக்க வேண்டும். இலங்கை அரசுக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் இதில் தனிக் கடமை இருக்கிறது: உலகம் ஈறு நோயைப் படித்தது தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், வாழ்ந்த தொழிலாளிகளின் வாயில். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு தோட்டத்து மருந்தகத்திலும் அந்தக் கம்பியும் கருவியும் பதிவேடும் இருந்தாக வேண்டும்.